வீடு விற்கச் சூசையப்பரைப் புதைக்கும் வழக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வீட்டை விற்க முனைபவர்களுள் ஒரு சாரார், இயேசுவின் வளர்ப்புத் தந்தையான புனித சூசையப்பரின் சிறிய சுரூபம் (சிலை) ஒன்றை வீட்டு முற்றத்தில் தலைகீழாகப் புதைத்து வைக்கிறார்கள். அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்த யோசனை அண்டை வீட்டார் வழியாகவோ வீட்டு முகவர் வழியாகவோ ஒரு நாள் வந்து சேர்ந்துவிடுகிறது. கத்தோலிக்கராக வளர்ந்தவர்களுக்கு அது மனத்தை உறுத்துகிறது. மற்றவர்களுக்கு அது என்னவென்று விளங்குவதில்லை. இரு தரப்பாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை சொல்ல முயன்றிருக்கிறேன். சூசையப்பரிடம் வீட்டுக்காக வேண்டுவது பழமையான, மதிக்கத்தக்க பக்தி என்பதும், அவரைத் தலைகீழாக மண்ணுக்குள் வைப்பது அந்தப் பக்திக்குத் தேவைப்படாத ஒன்று என்பதும் என் கருத்து.

இந்த வழக்கத்தில் என்னதான் செய்கிறார்கள்?

வீடு விற்பனைக்கு வந்ததும், மூன்று அல்லது நான்கு அங்குல உயரமுள்ள சூசையப்பர் சுரூபத்தைத் துணியிலோ நெகிழிப் பையிலோ சுற்றி, விற்பனை அறிவிப்புப் பலகை நடப்பட்டிருக்கும் இடத்துக்கு அருகில் சிறு குழி தோண்டி, தலை கீழேயும் பாதம் மேலேயும் இருக்கும்படி வைத்து மண்ணால் மூடுகிறார்கள். வீடு நல்ல விலைக்கு விரைவில் விற்க வேண்டும் என்று அவரிடம் மன்றாடுகிறார்கள். பலர் இந்த மன்றாட்டை நாள்தோறும் சொல்வதும் உண்டு. வீடு விற்றதும் சுரூபத்தைத் தோண்டி எடுத்துக் கழுவி, புதிய வீட்டில் மரியாதைக்குரிய ஓர் இடத்தில் நிறுவுவதாகத் தொடக்கத்திலேயே அவருக்கு வாக்குக் கொடுக்கிறார்கள்.

இந்த அளவுக்கு எல்லாரும் ஒத்துப்போகிறார்கள். இதற்கு மேல் ஆளுக்கொரு விதி. சுரூபத்தின் முகம் வீட்டை நோக்கியிருக்க வேண்டும் என்பார் ஒருவர். தெருவை நோக்கியிருந்தால்தான் வீட்டிலுள்ளோர் வெளியேற வழி பிறக்கும் என்பார் மற்றொருவர். முன்முற்றமே முறை என்று சிலரும், கொல்லைப்புறத்துப் பூம்பாத்தி போதும் என்று சிலரும் சொல்கிறார்கள். படுத்த நிலையில் வைத்து, அம்பு போல் புதிய ஊரின் திசையைக் காட்டச் செய்பவர்களும் இருக்கிறார்கள். இத்தனை வேறுபாடுகள் இருப்பதே, இதை எந்தத் திருச்சபை அதிகாரமும் வகுக்கவில்லை, மக்கள் வாய்வழியாகவே இது வளர்ந்தது என்பதைக் காட்டுகிறது.

புனிதர்கள் எத்தனையோ பேர் இருக்க, ஏன் சூசையப்பர்?

அவர் தச்சர், வீடு கட்டும் தொழிலோடு நெருங்கிய தொடர்புள்ளவர். மரியாவையும் குழந்தை இயேசுவையும் காத்த குடும்பத் தலைவர். பெரும்பாலோர் இந்த இரண்டு காரணங்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மத்தேயு, லூக்கா நற்செய்திகளைப் படித்தால் மூன்றாவதாக ஒரு காரணமும் தென்படுகிறது. எனக்கு அதுவே முதன்மையானதாகப் படுகிறது. குடும்பத்தோடு இடம்பெயர்ந்தவர் சூசையப்பர். நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குச் சென்றார். அங்கே விடுதியில் இடம் கிடைக்கவில்லை. ஏரோது மன்னன் குழந்தையைக் கொல்லத் தேடியபோது இரவோடு இரவாக எகிப்துக்குப் புறப்பட்டார். ஏரோது இறந்த பிறகு திரும்பினாலும், யூதேயாவுக்குப் போக அஞ்சி, கலிலேயாவின் நாசரேத்தில் குடியமர்ந்தார். ஓரிடத்தை விட்டு வேறோர் இடத்தில் குடும்பத்தை நிலைநிறுத்துவதன் பாரத்தை அவர் அளவுக்கு அறிந்த புனிதர்கள் சிலரே. சூசையப்பர் மன்றாட்டுமாலையில் 2021ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிசின் காலத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்ட புகழுரைகளுள் ஒன்று, நாடு கடத்தப்பட்டோரின் பாதுகாவலர் என்று அவரை அழைக்கிறது.

நற்செய்திகளில் அவர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. கனவில் வந்த கட்டளையைக் கேட்டு எழுந்து செயல்படுபவராகவே அவர் காட்டப்படுகிறார். 1870ஆம் ஆண்டு டிசம்பர் 8 அன்று திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் அவரை அனைத்துலகத் திருச்சபையின் பாதுகாவலராக அறிவித்தார். மார்ச் 19 அவருடைய பெருவிழா. தொழிலாளரான சூசையப்பரின் நினைவாக மே 1ஆம் நாளைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1955இல் ஏற்படுத்தினார். தமிழருக்கு அவர் அயலவர் அல்லர். வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டிலேயே அவரை வளன் என்ற பெயரில் பாட்டுடைத் தலைவராக்கித் தேம்பாவணியைப் பாடிவிட்டார்.

இந்த வழக்கம் எங்கே தொடங்கியது? அவிலாவின் புனித தெரேசா தொடங்கி வைத்தார் என்பது உண்மையா?

சுரூபப் பெட்டியோடு வரும் குறிப்புத் தாள்களில் இந்தக் கதை தவறாமல் இருக்கும்: 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் மடம் கட்ட நிலம் தேவைப்பட்டபோது, தெரேசா தம் கன்னியரைச் சூசையப்பர் பதக்கங்களை மண்ணில் புதைக்கச் சொன்னார், நிலம் கிடைத்தது. தெரேசா தாமே விரிவாக எழுதிவைத்த வாழ்க்கை வரலாற்றில் பதக்கம் புதைத்ததாக எந்தச் செய்தியும் இல்லை. ஆகவே அதை வரலாறாகக் கொள்ள முடியாது.

ஆனால், தெரேசாவின் எழுத்தில் உள்ளது இந்தக் கதையைவிட அழகானது. சூசையப்பரிடம் தாம் கேட்டு அவர் தராத ஒன்று தம் நினைவில் இல்லை என்று அவர் எழுதுகிறார். 1562ஆம் ஆண்டு அவிலாவில் அவர் நிறுவிய முதல் மடத்துக்குச் சூசையப்பர் பெயரையே சூட்டினார். அந்த மடத்தைக் கட்டும்போது வேலையாட்களுக்குக் கூலி கொடுக்கப் பணமில்லாமல் கலங்கிய வேளையில், சூசையப்பர் தமக்குத் தோன்றி, ஆட்களை அமர்த்து, பணம் குறைவுபடாது என்று உணர்த்தியதாகவும், எப்படியோ பணம் வந்து சேர்ந்ததாகவும் குறிப்பிடுகிறார். மடத்தின் ஒரு வாயிலைச் சூசையப்பரும் மறு வாயிலை அன்னை மரியாவும் காப்பார்கள் என்ற வாக்கும் தமக்குக் கிடைத்ததாகச் சொல்கிறார். சூசையப்பரிடம் வீடு, நிலம், கட்டடம் ஆகியவற்றுக்காக வேண்டும் பழக்கத்துக்கு இதைவிட உறுதியான வேர் தேவையில்லை.

ஜெர்மானியத் தச்சர்கள் தாங்கள் கட்டிய வீடுகளின் அடித்தளத்தில் சூசையப்பர் சுரூபத்தை வைத்தார்கள், அதிலிருந்தே இது வந்தது என்றும் ஒரு கதை உண்டு. அதற்கும் போதிய சான்று காட்டப்படுவதில்லை.

மொன்றியலின் புனித ஆந்த்ரே பற்றிய கதையும் அப்படித்தானா?

அது வேறு வகையானது. அதற்கு இடமும் காலமும் ஆளும் இருக்கின்றன. ஆந்த்ரே பெசெத் 1845இல் கியூபெக்கில் பிறந்தவர். திருச்சிலுவைச் சபையில் சேர்ந்து, மொன்றியலில் அந்தச் சபையின் கல்லூரியில் பல்லாண்டுகள் வாயிற்காப்போராகப் பணிபுரிந்தார். நோயுற்று வந்தவர்களிடம் சூசையப்பரை நோக்கி மன்றாடச் சொல்வதே அவருடைய வழக்கம். கல்லூரிக்கு எதிரே இருந்த மோன் ருவாயால் மலைச்சரிவை வாங்கச் சபையினர் விரும்பியும், உரிமையாளர் விற்க இசையவில்லை. ஆந்த்ரேயும் மற்றவர்களும் அந்தச் சரிவில் சூசையப்பர் பதக்கங்களை ஊன்றி வைத்து மன்றாடினார்கள் என்பது அவர் வாழ்க்கையோடு சேர்த்துச் சொல்லப்படும் மரபு. 1896இல் நிலம் சபையின் கைக்கு வந்தது. 1904இல் அங்கே ஒரு சிறு ஆலயம் எழுந்தது. இன்று மொன்றியலில் வாழும் ஈழத்தமிழர் பலரும் அறிந்த மாபெரும் சூசையப்பர் திருத்தலமாக அது வளர்ந்து நிற்கிறது. ஆந்த்ரே 1937இல் இறந்தார். 2010 அக்டோபர் 17 அன்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார்.

இந்த மரபைக் கூர்ந்து பார்த்தால் இன்றைய வழக்கத்திலிருந்து அது எவ்வளவு விலகியது என்பது புலப்படும். ஆந்த்ரே ஊன்றியது பதக்கம். தலைகீழ் என்ற பேச்சே அங்கில்லை. அவர் நிலத்தை விற்க முனையவில்லை, வாங்க வேண்டினார். அதுவும் தமக்காக இல்லாமல் ஓர் ஆலயத்துக்காக.

அப்படியானால் இன்று காணும் வடிவம் எப்போது பரவியது?

1980களில் அமெரிக்காவில் வீட்டு முகவர்களிடையே இது பேசப்படத் தொடங்கி, 1990 வாக்கில் நாளிதழ்கள் எழுதும் அளவுக்குப் பரவியது. 1981 அக்டோபரில் அந்நாட்டின் 30 ஆண்டு வீட்டுக்கடன் வட்டி 18 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் கடன் வாங்கி வீடு வாங்க ஆளில்லாமல் விற்பவர்கள் தவித்ததற்கும் இந்த வழக்கம் வேர்விட்டதற்கும் தொடர்பு இருக்கும் என்பது என் ஊகம். 2006இல் உச்சம் தொட்ட வீட்டு விலைகள் சரிந்து, 2008இன் நிதி நெருக்கடியில் சந்தை முடங்கியபோது, சூசையப்பர் சுரூபங்களின் விற்பனை ஏறியதைச் செய்தி நிறுவனங்கள் மீண்டும் எழுதின. விற்க முடியாத வீடு, கட்டியாக வேண்டிய தவணை, வேறு ஊரில் காத்திருக்கும் வேலை ஆகிய மூன்றும் ஒரு குடும்பத்தை நெருக்கும்போது மண்ணைத் தோண்டவும் மனிதர் துணிவார்கள். அவர்களை எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை.

இன்று சிறு பெட்டியில் சுரூபம், செபம் அச்சிட்ட அட்டை, புதைக்கும் முறை விளக்கும் தாள் ஆகிய மூன்றும் சேர்ந்தே விற்பனையாகின்றன. கத்தோலிக்கப் பொருட்கள் விற்கும் கடைகளிலும் இணையத்திலும் இவை கிடைக்கின்றன.

தலைகீழாக வைப்பதன் பொருள் என்ன?

சொல்லப்படும் விளக்கம் இதுதான்: தலைகீழாக இருக்கும் சூசையப்பர் அந்த இக்கட்டிலிருந்து விரைவில் வெளிவர விரும்புவார்; ஆகவே வீட்டை விற்றுத் தர முனைவார். வேறு சொற்களில் சொன்னால், வேண்டியது நடக்கும் வரை புனிதருக்குத் தண்டனை.

இந்த மனப்பான்மை அமெரிக்காவில் பிறந்ததன்று. போர்ச்சுக்கலிலும் பிரேசிலிலும் திருமணம் கைகூட வேண்டும் என்று விரும்பும் பெண்கள், புனித அந்தோணியார் சுரூபத்தைத் தலைகீழாக நிறுத்தி வைப்பதும், அவர் கையிலுள்ள குழந்தை இயேசுவைப் பிரித்தெடுத்து வைத்துக்கொள்வதும், மணமகன் கிடைத்த பிறகே பழைய நிலைக்கு மாற்றுவதும் நெடுங்கால வழக்கம். இன்னும் பின்னோக்கிப் போனால், 11, 12ஆம் நூற்றாண்டு பிரான்சில் துறவு மடங்களே இதைச் சடங்காகச் செய்திருக்கின்றன. மடத்தின் நிலத்தை வலியவர் ஒருவர் பறித்துக்கொண்டால், துறவிகள் தங்கள் ஆலயத்துப் புனிதரின் திருப்பண்டங்களை (அவருடைய எலும்பு முதலிய எச்சங்களை) பீடத்திலிருந்து இறக்கித் தரையில் வைத்து, முட்களால் மூடி, வழிபாட்டை நிறுத்திவைத்தார்கள். தம்மைக் காக்கத் தவறிய புனிதருக்கு அது ஒரு முறையீடு. அபகரித்தவருக்கோ அது எச்சரிக்கை. 1274இல் கூடிய, திருச்சபைத் தலைவர்களின் பேரவையான இரண்டாம் லியோன் பொதுச்சங்கம், புனிதர்களின் உருவங்களைத் தரையில் கிடத்தி முட்களால் மூடும் இந்தச் செயலைக் கண்டித்துத் தடைசெய்தது.

நிலம் பற்றிய வழக்கில் புனிதரைத் தாழ்த்தி வைத்து அவரிடம் நீதி கேட்ட அந்தத் துறவிகளுக்கும் இன்றைய வீட்டு முற்றத்துக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக நான் சொல்ல வரவில்லை. நெருக்கடி வந்தால் அன்புக்குரியவர்மீதே கோபத்தைக் காட்டுவது மனித இயல்பு. அது ஒவ்வொரு காலத்திலும் தானாகவே தலைதூக்குகிறது. ஆனாலும் அந்தத் துறவிகள் ஊரறிய, ஒரு குழுவாக, கண்ணீரோடு அதைச் செய்தார்கள். ஒரு தாளில் அச்சிட்ட முறைப்படி யாரும் காணாமல் புதைப்பதில் அந்த முறையீட்டின் கனம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபை இதை ஏற்கிறதா?

சூசையப்பரிடம் வீட்டுக்காக மன்றாடுவதைத் திருச்சபை மகிழ்ச்சியோடு ஏற்கிறது. புதைத்தால் வீடு விற்கும் என்ற நம்பிக்கையை அது ஏற்பதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2111ஆம் பத்தியில் மூடநம்பிக்கைக்கு வரையறை தருகிறது. செபமோ திருஅடையாளமோ, செய்பவரின் உள்ளப்பாங்கு எப்படியிருந்தாலும், வெளிச்செயல் நடந்த அளவிலேயே பலன் தந்துவிடும் என்று கருதுவது மூடநம்பிக்கையில் விழுவதாகும் என்பது அதன் சாரம். எத்தனை அங்குல ஆழம், எந்தத் திசை, எந்தக் கோணம் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிய கணமே ஒருவர் அந்த வரையறைக்குள் வந்துவிடுகிறார்.

திருச்சபைச் சட்டத்தின் 1171ஆம் விதி, மந்திரிக்கப்பட்ட (அதாவது, ஆசீர்வதிக்கப்பட்ட) புனிதப் பொருட்களை மரியாதையோடு கையாள வேண்டும், அவை தனியார் உடைமையாக இருந்தாலும் தகாத பயன்பாட்டுக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது. பங்குத்தந்தையரின் அணுகுமுறையோ ஒரே சீராக இல்லை. சிலர் கண்டிப்போடு மறுக்கிறார்கள். சிலர் சுரூபத்தை மந்திரித்துக் கொடுத்து, மண்ணில் வைக்காமல் வீட்டுக்குள் வைத்துச் செபியுங்கள் என்று அனுப்புகிறார்கள். இரண்டாவது வழி மனிதர்களை இன்னும் நன்றாகப் புரிந்துகொண்ட வழி என்பேன்.

மண்ணில் புதைப்பது என்பதே அவமதிப்பா?

இல்லை. உடைந்துபோன, பயன்படுத்த முடியாத மந்திரித்த பொருட்களைக் குப்பையில் எறியாமல் எரிப்பதோ மண்ணில் புதைப்பதோதான் கத்தோலிக்க மரபு. நிலத்தை அர்ப்பணிக்கும் எண்ணத்தோடு பதக்கத்தை ஊன்றுவதும் பல துறவற இல்லங்களில் உண்டு. மண் அவமதிப்பு ஆவதில்லை. வேண்டியதைத் தரும் வரை வெளியே விடமாட்டேன் என்ற எண்ணமே உறுத்த வேண்டியது.

கத்தோலிக்கர் அல்லாதவர்கள் செய்கிறார்களா? இந்துக்களான நாங்கள் செய்யலாமா?

பிற கிறித்தவர்கள், யூதர்கள், எந்தச் சமயத்தையும் பின்பற்றாதவர்கள் எனப் பலரும் செய்கிறார்கள், தடுப்பார் எவருமில்லை. தமிழர்களுக்கு இதில் ஒரு தயக்கமும் பெரும்பாலும் இருப்பதில்லை. வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் சமயம் பாராமல் நேர்ந்துகொண்டு போய்வந்த குடும்பங்கள் நம்முடையவை. நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். வேறொரு சமயத்தார் தந்தையாகப் போற்றும் ஒருவரிடம் உதவி கேட்கப் போகிறோம் என்றால், அவர் யார் என்பதை அறிந்துகொண்டு, நம் வீட்டுத் தெய்வத்தின் முன் நிற்கும் அதே பணிவோடு கேட்க வேண்டும். நம் குலதெய்வத்தின் உருவத்தை வேறொருவர் தலைகீழாகப் புதைத்தால் நமக்கு எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

முற்றம் இல்லாத கான்டோ (அடுக்குமாடிக் குடியிருப்பு) வீடுகளில் என்ன செய்கிறார்கள்?

பூந்தொட்டி மண்ணில் வைக்கிறார்கள். மினசோட்டா போன்ற மாநிலங்களில் குளிர்காலத்தில் நிலம் பாறையாக உறைந்துவிடுவதால், தனி வீட்டுக்காரர்களும் தொட்டியையே நாடுகிறார்கள். கான்டோவின் பொதுத் தோட்டத்தில் அனுமதியின்றித் தோண்டக் கூடாது.

சொந்த முற்றத்தில் தோண்டுவதற்குக் கட்டுப்பாடு ஏதாவது உண்டா?

அமெரிக்காவில் எவ்வளவு சிறிய குழியானாலும் தோண்டுமுன் 811 என்ற எண்ணை அழைத்து, நிலத்தடியில் எரிவாயுக் குழாயோ மின்கம்பியோ போகிறதா என்று குறியிட்டுத் தரச் சொல்ல வேண்டும் என்பது பொது அறிவுரை. அறிவிப்புப் பலகை நடப்படும் தெருவோரப் பகுதியில்தான் இத்தகைய இணைப்புகள் அதிகம் ஓடுகின்றன.

உண்மையிலேயே வீடு விற்கிறதா? எங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு ஒரு வாரத்தில் விற்றதே!

அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் சொல்வதிலிருந்து, புதைத்ததால்தான் விற்றது என்ற முடிவுக்கு வர முடியாது.

முதலாவது, சரியான விலையில் சந்தைக்கு வரும் வீடுகளில் பெரும்பாலானவை எப்படியும் சில வாரங்களிலோ மாதங்களிலோ விற்றுவிடுகின்றன. புதைத்துப் பலன் காணாதவர் அதை யாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. பலன் கண்டவரோ பத்துப் பேரிடம் சொல்கிறார். நம் காதுக்கு வந்து சேர்வது பலித்த கதைகள் மட்டுமே. இரண்டாவது, எப்போது புதைக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பல மாதங்கள் விற்காமல் கிடந்து, மனம் சோர்ந்த நிலையில்தான் பலர் இதை நாடுகிறார்கள். அதே வாரத்தில்தான் கேட்கும் விலையையும் குறைத்திருப்பார்கள், கதவுக்கு வண்ணம் அடித்திருப்பார்கள், புகைப்படங்களை மாற்றியிருப்பார்கள். மூன்றாவதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. சூசையப்பர் பெருவிழா மார்ச் 19இல் வருகிறது; பள்ளி விடுமுறைக்குள் குடிபெயர விரும்பும் குடும்பங்கள் வீடு தேடத் தொடங்கும் இளவேனிற்காலமும் அதே நேரத்தில்தான் தொடங்குகிறது. குளிர்காலம் முழுவதும் அசையாமல் கிடந்த வீடு, பெருவிழாவை ஒட்டிச் சுரூபம் புதைத்ததும் ஏப்ரலிலோ மே மாதத்திலோ விற்றால், அதில் பருவத்தின் பங்கு பெரிது.

இதைச் சொல்வதால் செபத்துக்குப் பலனில்லை என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். வீட்டை விற்கும் மாதங்கள் ஒரு குடும்பத்தின் உறக்கத்தைக் கெடுப்பவை. நாளுக்கு ஒருமுறை அமர்ந்து, தம் கையில் இல்லாததை இன்னொருவர் கையில் ஒப்படைப்பவருக்கு, வாங்க வருபவரின் பேரத்தைப் பதறாமல் கேட்கும் தெளிவு வருகிறது. அடுத்த நாள் செய்ய வேண்டியதைச் செய்யவும் முடிகிறது. நம்புகிறவர்களுக்கு அதற்கு மேலும் கிடைக்கிறது என்பது என் நம்பிக்கை. அதை விற்பனைக் கணக்கால் நிறுவ வேண்டிய தேவை எனக்கில்லை.

முகவர்கள் ஏன் இதைப் பரிந்துரைக்கிறார்கள்?

நம்பிக்கையால் செய்பவர்கள் உண்டு. வாடிக்கையாளரின் கவலைக்கு ஒரு வடிகால் தேவை என்று எண்ணிச் செய்பவர்களும் உண்டு. இதில் கவனிக்கத்தக்க ஒன்று இருக்கிறது. வீட்டைப் பார்க்க வருபவர்கள் அதைத் தம் வீடாகக் கற்பனை செய்ய வேண்டும் என்பதற்காக, சுவரிலுள்ள குடும்பப் படங்களையும் சமயப் படங்களையும் கழற்றி வைக்கச் சொல்வது அமெரிக்க முகவர்களின் வழக்கமான அறிவுரை. பூசையறையைப் பெட்டிகளில் கட்டி வைக்க நேர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த வலி தெரியும். வீட்டுக்குள் புனிதருக்கு இடமில்லாமல் போகும் அந்த மாதங்களில், கண்ணுக்குத் தெரியாத மண்ணுக்கடியில் அவருக்கு ஓர் இடம் ஒதுக்குவது இந்த வழக்கம் நிலைத்ததற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

புதைக்காமல், முறையாக வேண்டிக்கொள்ள வழி என்ன?

சுரூபத்தையோ படத்தையோ நிமிர்ந்த நிலையில் வைத்து, ஒன்பது நாள் தொடர்ந்து செபிக்கும் நவநாளே மரபான வழி. பெருவிழாவுக்கு முன் மார்ச் 10 முதல் 18 வரை அதைச் செய்வார்கள்; தேவைப்படும் வேறு எந்த நாளிலும் தொடங்கலாம். கிழமைகளில் புதன் அவருக்குரியது. ஏழை முதியோரைப் பேணும் சிறு சகோதரிகள் சபையினரிடம் ஓர் அழகிய பழக்கம் இருக்கிறது: இல்லத்தில் எந்தப் பொருள் தீர்ந்துபோகிறதோ அதில் ஒரு சிறு மாதிரியைச் சூசையப்பர் சுரூபத்தின் காலடியில் வைத்து வேண்டுவார்கள். உருளைக்கிழங்கு வேண்டுமானால் ஓர் உருளைக்கிழங்கு. அதைப் போலவே வீட்டுச் சாவியின் நகலையோ வீட்டின் படத்தையோ அவர் காலடியில் வைக்கலாம். மிரட்டலின்றித் தேவையைக் கண்முன் காட்டிக் கேட்கும் முறை இது.

வேண்டுதலின் சொற்களையும் சற்று மாற்றிக்கொள்ளப் பரிந்துரைப்பேன். விரைவாக, அதிக விலைக்கு என்பதோடு நிறுத்தாமல், இந்த வீட்டில் குடியேறப்போகும் முகம் தெரியாத குடும்பத்துக்காகவும் மன்றாடுவது நல்லது. விற்பவருக்குத் தெரிந்த கூரைக் கசிவை மறைத்துவிட்டு நேர்மையான தச்சரிடம் உதவி கேட்க முடியாது. வீட்டின் குறைகளை எழுத்தில் வெளிப்படுத்த வேண்டும் என்பது பல மாநிலங்களில் சட்டமுமாகும்.

வீடு விற்ற பிறகு சுரூபத்தை எடுக்க மறந்துவிட்டால்?

எடுக்காமல் விட்டால் அந்த வீடு மீண்டும் மீண்டும் கைமாறிக்கொண்டே இருக்கும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கொடுத்த வாக்கைக் காப்பது கடமை. இந்த வழக்கத்தில் என் மனத்துக்கு மிகவும் உகந்த பகுதியும் அந்த வாக்குத்தான். பத்திரம் முடிந்து சாவியைக் கொடுத்த பிறகு நிலம் பிறருடையது. அனுமதியின்றி உள்ளே போய்த் தோண்ட முடியாது. ஆகவே கையெழுத்திடும் நாளுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஒருவேளை மறந்துவிட்டால், முகவர் வழியாகப் புதிய உரிமையாளரிடம் கேட்டுப் பார்க்கலாம். அவர் இசையாவிட்டால் புதிதாக ஒரு சுரூபம் வாங்கிப் புதிய வீட்டில் வைத்து வாக்கை நிறைவேற்றலாம்.

நாங்கள் வாங்கிய வீட்டின் தோட்டத்தில் இப்படியொரு சுரூபம் கிடைத்தது. என்ன செய்வது?

செடி நட மண்ணைக் கிளறும்போது பலருக்கு இப்படிக் கிடைப்பதுண்டு. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று கலங்க வேண்டாம். முன்பு குடியிருந்தவர்கள் வீட்டை விற்கச் செய்த வேண்டுதல் அது, உங்களுக்கு எதிரானது எதுவும் அதில் இல்லை. மண்ணைக் கழுவித் துடைத்து, விருப்பமிருந்தால் நிமிர்த்தி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். முன்னாள் உரிமையாளரின் தொடர்பு இருந்தால் அவரிடம் கேட்டுத் திருப்பியும் கொடுக்கலாம். இரண்டுக்கும் மனமில்லாதவர்கள் அருகிலுள்ள கத்தோலிக்க ஆலய அலுவலகத்தில் ஒப்படைத்தால் அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். உடைந்திருந்தால், காலடி படாத ஒரு மூலையில் முன்பைவிட ஆழமாகக் குழி எடுத்து, இம்முறை நேராகக் கிடத்தி மூடிவிடலாம்.